ஜில்லா போர்டு அமைத்த இருப்புப் பாதை

நம் கிராமங்களில் ரயில் நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழும்போது, "அது ரயில்வேக்காரர் சமாசாரம், பஞ்சாயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கூறி ஒதுங்குவோர் பலர். சாலை, குளம், பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு ஆகியவற்றை ஊரின் சொத்து என எண்ணும் நாம், ஊர் எல்லையில் நிற்கும் நிலையத்தை மட்டும் அயலார் வீடு போல் கருதுகிறோம். இக்கருத்து சரியன்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே தக்க சான்று ஒன்று உண்டு. பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் மாயவரத்திலிருந்து அறந்தாங்கி வரை ஏறக்குறைய 100 மைல் நீளத்திற்கு அமைந்த இருப்புப் பாதையே அது. அப்பாதையைத் தொடங்கி வைத்தது ஒரு ஸ்தல ஸ்தாபனம். அதற்கு மூலதனமாய் அமைந்தது விவசாயிகள் தம் நிலத் தீர்வையோடு செலுத்திய சிறு வரி.

அப்பாதை தோன்றிய விதத்தையும், வளர்ந்ததையும், இடையில் நின்றதையும், மீண்டும் திறந்ததையும் இங்கே ஆராய்வோம். பழம் பெருமை பேசுவது நம் நோக்கமன்று. ஒரு நிலையம் எதனால் உயிர் பெறுகிறது, எதனால் மெலிகிறது என்பதை அறிந்துகொண்டால், நம் ஊர் நிலையத்தைக் காக்கும் வழியும் தெளிவாகும்.

ஆறுகள் வகுத்த நாடு

காவிரிப் பாசனப் பகுதியின் அமைப்பை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். காவிரியும் வெண்ணாறும் பல கிளைகளாகப் பிரிந்து மேற்கிலிருந்து கிழக்கே ஓடிக் கடலை அடைகின்றன. பழைய வண்டித் தடங்களும் ஆற்றங்கரையை ஒட்டியே மேற்கும் கிழக்குமாக அமைந்தன. கரை மேல் வண்டி ஓட்டுவது எளிது. ஆனால் வடக்கிலிருந்து தெற்கே செல்ல வேண்டுமானால் ஆறு ஆறாகக் கடக்க வேண்டும். அரசலாறு, திருமலைராஜன் ஆறு, முடிகொண்டான் ஆறு, வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு, வெள்ளையாறு என அடுத்தடுத்து ஆறுகள் குறுக்கிடும். இவற்றினிடையே வாய்க்கால்களோ எண்ணில. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பாரம் ஏற்றிய வண்டி பாலம் இருக்கும் இடம் வரை சுற்றிச் செல்ல வேண்டும். மழைக் காலத்தில் மண் சாலை சேறாகிவிடும்.

தென்னாட்டில் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிற்று. தஞ்சைப் பகுதிக்கு ரயில் வந்தது 1861-இல். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் போடப்பட்ட அப்பாதை அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளியை எட்டியது. இதுவும் ஆறுகளைப் போலவே கிழக்கு மேற்காகச் சென்ற பாதை. பின்னர் 1870-களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து கடலூர், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் செல்லும் பாதை அமைந்தது. இவ்விரு பாதைகளுக்கும் இடையிலும், அவற்றிற்குத் தெற்கே கடற்கரை வரையிலும் இருந்த நெல் விளையும் ஊர்களுக்கு ரயில் வசதி இல்லை. நன்னிலம், திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை ஆகிய ஊர்களின் நெல்லும் உப்பும் மீனும் மாட்டு வண்டியையே நம்பியிருந்தன.

ரூபாய்க்கு மூன்று தம்பிடி

இக்குறையைத் தீர்க்க வட தென் திசையில் ஒரு பாதை தேவை என்பதைத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு உணர்ந்தது. 1884-ஆம் ஆண்டுச் சென்னை ஸ்தல போர்டுகள் சட்டத்தின்படி அமைந்தவை ஜில்லா போர்டுகள். சாலை, சத்திரம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் முதலியவற்றை நடத்துவதற்காக நிலத் தீர்வையோடு சேர்த்து ஒரு வரியை அவை வசூலித்து வந்தன. தஞ்சாவூர் போர்டு இதனோடு நிற்கவில்லை. இருப்புப் பாதைக்கென்றே தீர்வையில் ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் தனி வரி விதித்தது.

இந்த மூன்று தம்பிடி எவ்வளவு என்பதை இக்கால இளைஞர்கள் அறிய மாட்டார்கள். ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. பதினாறு அணா ஒரு ரூபாய். ஆகவே ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. ரூபாய்க்கு மூன்று தம்பிடி என்றால் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. ஆண்டொன்றுக்கு 64 ரூபாய் தீர்வை கட்டிய மிராசுதார் ரயிலுக்காகச் செலுத்தியது ஒரு ரூபாய். எட்டு ரூபாய் தீர்வை கட்டிய சிறு விவசாயி செலுத்தியது இரண்டு அணா. தனித்தனியே பார்த்தால் இத்தொகை அற்பம். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவின் பெரும் பகுதி நன்செய் நிறைந்த நாடு. தீர்வை வருமானம் மிகுந்த நாடு. அத்தனை நிலங்களிலிருந்தும் ஆண்டுதோறும் சேர்ந்த தம்பிடிகள் பாலங்களாயின, தண்டவாளங்களாயின.

இவ்வேற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வரி ஒரு குறித்த காரியத்திற்கென விதிக்கப்பட்டது. கொடுத்தவர் தம் பணம் எங்கே சென்றது என்பதைக் கண்ணாற் காண முடிந்தது. இரண்டாவது, போர்டு தன் சக்திக்கு மீறியதைத் தானே செய்ய முற்படவில்லை. பாதை போர்டினுடையது, அதில் வண்டிகளை ஓட்டும் பொறுப்பை அத்தொழிலில் பழகிய தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஏற்றது. வருமானத்தில் ஓட்டும் செலவு போகப் போர்டுக்கும் பங்கு கிடைத்தது. மூன்றாவது, பாதை மீட்டர் அளவில் அமைந்தது. தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள மீட்டர் பாதைக்கு, 1,676 மில்லிமீட்டர் உள்ள அகலப் பாதையைவிடச் செலவு குறைவு. இருக்கும் பணத்திற்கு ஏற்ற திட்டத்தைப் போர்டு தேர்ந்துகொண்டது.

அக்காலப் போர்டு இக்காலப் பஞ்சாயத்தைப் போல் மக்கள் வாக்கினால் முழுவதும் அமைந்த சபையன்று. கலெக்டரே தலைவராய் இருந்தார். அங்கத்தினர்களுள் நியமனம் பெற்றவர் பலர். குத்தகைக்காரரும் கூலி விவசாயியும் அச்சபையில் குரல் பெறவில்லை. இதை மறைக்காமல் கூறுவதே நேர்மை. அத்தகைய சபையே இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், கிராம சபையில் வயது வந்த ஒவ்வொருவரும் எழுந்து பேசும் உரிமை பெற்றுள்ள காலத்தில் நாம் செய்யக்கூடியது எவ்வளவு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாதை வளர்ந்த விதம்

மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 1902-இல் அது பட்டுக்கோட்டையையும், 1903-இல் அறந்தாங்கியையும் எட்டியது. சுதந்தரத்திற்குப் பின்பு 1952-இல் அறந்தாங்கிக்கும் காரைக்குடிக்கும் இடையே பாதை போடப்பட்டு, வடக்கேயும் தெற்கேயும் செல்லும் தொடர் பூர்த்தியாயிற்று.

தென் பகுதியின் கதை தனியே கூறத்தக்கது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் 1903-இல் ரயில் ஓடியபோது பெரும்பாலான நிலம் வானம் பார்த்த பூமி. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்து, கல்லணைக் கால்வாய் வழியாகத் தண்ணீர் வந்த பிறகே அங்கு நெல் வயல்கள் பெருகின. பின்னர்த் தென்னந்தோப்புகளும் பரவின. அதாவது, தண்ணீர் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே வண்டி வந்துவிட்டது. விளைச்சல் பெருகியபோது அதை வெளியே அனுப்பும் வழி ஆயத்தமாய் இருந்தது. பாசனமும் போக்குவரத்தும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தஞ்சாவூர் போர்டின் முயற்சி ஒரு பாதையோடு முடியவில்லை. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 1915-இலும், மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இலும் கிளைப் பாதைகள் ஏற்பட்டன. திருநெல்வேலி ஜில்லா போர்டும் இம்முறையைப் பின்பற்றியது; திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923-இல் ரயில் ஓடத் தொடங்கியது.

கிராம நிலையம் இயங்கிய முறை

திருவாரூருக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் திருநெல்லிக்காவல் என்னும் நிலையம் உண்டு. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருநெல்லிக்கா என்னும் தலத்தை ஒட்டியது. இத்தகைய சிறு நிலையம் மீட்டர் பாதைக் காலத்தில் எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

பாதை ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக வரும் இரண்டு வண்டிகள் ஏதேனும் ஒரு நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்க முடியும். ஆகவே அடுத்த நிலையம் வரை பாதை காலியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சியாக என்ஜின் ஓட்டுநரிடம் 'டோக்கன்' ஒன்று கொடுக்கப்படும். இரு நிலையங்களிலும் உள்ள இயந்திரங்கள் கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும் வரை மற்றொன்று வெளிவராது. டோக்கன் கையில் இல்லாமல் வண்டி நகராது. அதை ஒரு வளையத்தில் மாட்டி நீட்டிக்கொண்டு போர்ட்டர் நிற்க, ஓட்டுநர் கையை வளைத்து வாங்கிச் செல்லும் காட்சியை ஊர்ப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். தொங்கவிடப்பட்ட தண்டவாளத் துண்டை அடித்து மணி ஒலிப்பார்கள். கைகாட்டி மரம் தாழ்ந்ததும் வண்டி வருகிறதென ஊரார் அறிவர். கெட்டியான அட்டைச் சீட்டில் தேதி பதித்துத் தருவார் ஸ்டேஷன் மாஸ்டர். தந்தி, சரக்கு, சீட்டு, பாதைப் பாதுகாப்பு எல்லாம் அவர் பொறுப்பே. 'கீமேன்' எனப்படும் தொழிலாளி நாள்தோறும் தம் பகுதித் தண்டவாளத்தின் மேல் நடந்து, ஆப்புகள் தளர்ந்திருந்தால் இறுக்கிச் செல்வார்.

நிலையத்தின் உயிர்நாடி சரக்குக் கொட்டகை. அறுவடை முடிந்ததும் நெல் மூட்டைகள் மாட்டு வண்டிகளில் வந்து இறங்கும். ஒரு வியாபாரி ஒரு வாகன் அளவே சரக்கு வைத்திருந்தாலும் ரயில்வே அதை ஏற்றுக்கொண்டது. அதனினும் குறைந்த மூட்டைகளையும் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம். சரக்கை ஒப்படைத்தவருக்கு ரயில்வே ரசீது கிடைக்கும். அந்த ரசீதைக் காட்டியே சரக்கைப் பெற முடியும் என்பதால், வியாபாரத்தில் அது பணத்திற்கு நிகரான பத்திரமாய் விளங்கிற்று. வெளியிலிருந்து மண்ணெண்ணெய், துணி, மரம், ஓடு முதலியவை வந்து இறங்கின. நிலையத்தின் எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை, கொல்லன் பட்டறை, வண்டி மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி என ஒரு சிறு கடைத் தெருவே உண்டாகும்.

இங்கே வேறொன்றையும் குறிப்பிட வேண்டும். இருப்புப் பாதை கூடிய மட்டும் நேராகச் செல்ல வேண்டியது. ஒவ்வோர் ஊரின் வாசலுக்கும் அது வளைந்து வர இயலாது. ஆதலால் பல நிலையங்கள் ஊரைவிட்டுத் தள்ளியே அமைந்தன. இதே பாதையில் மாவூர் ரோடு என்ற நிலையம் உண்டு. 'ரோடு' என முடியும் நிலையப் பெயர்கள், "ஊர் இங்கே இல்லை, ஊருக்குச் செல்லும் சாலைதான் இங்கே இருக்கிறது" என்று நமக்குத் தெரிவிக்கின்றன. அந்தச் சாலை நன்றாயிருந்தால் நிலையம் ஊருக்குச் சொந்தம். சாலை கெட்டால், அரை மைல் தூரத்து நிலையமும் அந்நிய நாடே. கூண்டு வண்டியும் குதிரை வண்டியும் ஓடிய நாளில் எப்படியோ, ஆட்டோவும் இரு சக்கர வாகனமும் ஓடும் நாளிலும் இவ்வுண்மை மாறவில்லை.

மோட்டார் வண்டி வந்தபின்

1920-களிலும் 1930-களிலும் தனியார் மோட்டார் பஸ்கள் பெருகின. ரயிலுக்கும் மோட்டாருக்கும் ஏற்பட்ட போட்டியை ஆராய இந்திய அரசாங்கம் மிட்சல், கிர்க்னஸ் என்னும் இரு அதிகாரிகளை நியமித்ததும் அக்காலத்தில்தான். 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பஸ்களை ஒழுங்குபடுத்தியது. 1972-இல் தமிழக அரசு கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகத்தை நிறுவியது. 1997-இல் மினி பஸ் திட்டம் வந்தது. 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர்.

பஸ் ஊர் நடுவே வந்து நிற்கிறது, அடிக்கடி வருகிறது. கிராமத்தின் அன்றாடத் தேவைக்கு அதுவே ஏற்றது. ரயில் ஒரே வேளையில் பல நூறு பேரைக் குறைந்த கட்டணத்தில் நெடுந்தொலைவு கொண்டு செல்கிறது. முதியோர், நோயாளிகள், சுமையோடு செல்லும் சிறு வியாபாரிகள், மாதச் சீட்டில் கல்லூரி செல்லும் மாணவர் ஆகியோருக்கு அது பெருந்துணை. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஆனால் பஸ் நேரமும் ரயில் நேரமும் ஒத்திருக்கும்படி எவரும் கவனிக்காததால், பல ஊர்களில் அவை பகைவரைப் போலவே நடந்துகொள்கின்றன. ரயில் வருவதற்குச் சற்று முன்பு பஸ் போய்விடுகிறது.

சரக்குப் போக்குவரத்திலும் பெரிய மாறுதல் ஏற்பட்டது. ஒரு வாகன், இரண்டு வாகன் எனச் சிறு சரக்கை ஏற்பதை ரயில்வே படிப்படியாகக் கைவிட்டது. முழு வண்டியாக, நாற்பதுக்கு மேற்பட்ட வாகன்களில் ஒரே சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செலுத்துவதே சிக்கனம் என முடிவு செய்தது. இக்காலத்து மூடு வாகன் ஒன்றில் ஏறத்தாழ 60 டன் ஏற்றலாம் என்றால், முழு வண்டி இரண்டாயிரம் டன்னுக்கு மேல். தஞ்சாவூர், திருவாரூர், நீடாமங்கலம் போன்ற பெரிய நிலையங்களிலிருந்து நெல்லும் அரிசியும் இவ்வாறே செல்கின்றன. சிறு நிலையத்தின் சரக்குக் கொட்டகையோ பூட்டப்பட்டது. நிலையத்தோடு விவசாயிக்கு இருந்த தொடர்பில் பாதி அன்றே அறுந்தது. இது ரயில்வேயின் அலட்சியத்தால் மட்டும் நேர்ந்ததன்று. லாரி களத்திற்கே வந்து மூட்டையை ஏற்றத் தொடங்கியதும் ஒரு காரணம்.

மூடியவையும் திறந்தவையும்

வருமானம் குறைந்த கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மன்னார்குடிப் பாதை 1976-இல் நின்றது. 1980-களில் தரங்கம்பாடிப் பாதையும், 1898-இல் தொடங்கிய பேரளம் காரைக்கால் பாதையும் நின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியம் செல்லும் பாதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தது.

இவற்றுள் சில மீண்டும் உயிர் பெற்றன. மன்னார்குடிக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் 2011-இல் அகலப் பாதையில் ரயில் வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 37 கிலோமீட்டர் அகலப் பாதை 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி திறக்கப்பட்டது. வேதாரணியம் பகுதி உப்பள மக்களின் நெடுநாள் வேண்டுகோள் அது. பேரளம் காரைக்கால் பாதையும் அகலப் பாதையாக மீண்டும் போடப்பட்டது. தரங்கம்பாடிக்கோ ரயில் திரும்பவில்லை.

மூடுவது ஒரு நாளில் முடிகிறது. திறப்பதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. பாதை மூடப்பட்டபின் மனு எழுதுவதைவிட, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பது எளிது.

ஏழு ஆண்டுகளும் ஆறு மணி நேரமும்

நம் பாதைக்கு மீண்டும் வருவோம். அகலப் பாதையாக மாற்றும் பொருட்டுத் திருவாரூர் காரைக்குடி மீட்டர் பாதையில் 2012-இல் வண்டிகள் நிறுத்தப்பட்டன. காரைக்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையே 2018-இலும், பட்டுக்கோட்டைக்கும் திருவாரூருக்கும் இடையே 2019-இலும் பாதை மீண்டும் திறந்தது. இடையில் 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய 'கஜா' புயல் இப்பகுதித் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துச் சென்றது. திருநெல்லிக்காவல் போன்ற ஊர்களில் ஏழு ஆண்டுகள் ரயிலின் ஓசை கேட்கவில்லை. ஏழு ஆண்டு என்பது ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பில் சேர்ந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம். அப்பிள்ளைக்கு ரயிலில் செல்லும் பழக்கமே இல்லாமற் போயிற்று.

பாதை திறந்தபின் நேர்ந்தது இன்னும் வியப்புக்குரியது. புதிய தண்டவாளம், புதிய வண்டி, புதிய நடைமேடை எல்லாம் இருந்தன. ஆனால் சாலைகள் குறுக்கிடும் கேட்டுகளில் நிற்கப் போதிய காவலர் இல்லை. ஆதலால் கேட்டுக் காவலர்கள் வண்டியிலேயே பயணம் செய்தனர். ஒவ்வொரு கேட்டின் முன்பும் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார். வண்டி கடந்ததும் மறுபடி நிற்கும். கேட்டைத் திறந்துவிட்டு ஏறிக்கொள்வார்கள். இவ்வாறு 150 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் கூட இல்லை. அந்த வண்டியில் எவர் ஏறுவார்? ஏறாவிட்டால் வருமானம் எங்கே? பின்னர்க் காவலர்கள் நியமிக்கப்பட்ட பிறகே நேரம் குறைந்தது. 2023 ஏப்ரலில் தாம்பரம் செங்கோட்டை விரைவு வண்டியும் இப்பாதை வழியே ஓடத் தொடங்கியது.

இந்நிகழ்ச்சியில் ரயில்வே நிர்வாகத்தின் பங்கு வெளிப்படை. கிராமங்களின் பங்கும் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனிக் கேட்டு வேண்டும் என ஊரார் கேட்பது இயல்பே. ஆயின் ஒவ்வொரு கேட்டும் மூன்று வேளைக்கும் காவலர் சம்பளம். ஒவ்வொன்றும் வண்டியின் வேகத்திற்குத் தடை. காவலரில்லாக் கேட்டுகளோ உயிருக்கே ஆபத்து. அகலப் பாதைகளில் அவை அனைத்தும் 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் ஒழிக்கப்பட்டன. அவற்றிற்குப் பதிலாகப் பல இடங்களில் சுரங்க வழிகள் வந்தன. சுரங்க வழியில் மழை நீர் தேங்குகிறது, அறுவடை இயந்திரம் நுழைவதில்லை என்னும் முறையீடுகள் நியாயமானவை. அவற்றைக் கட்டி முடித்தபின் கூறுவதைவிட, திட்டம் வகுக்கும்போதே அளவோடு எடுத்துரைப்பது பயன் தரும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நம் கடமைகள் தாமே புலப்படும். அவற்றை வரிசையாகக் கூறுவோம்.

1. நிலையச் சாலை. ஊரிலிருந்து நிலையம் வரை உள்ள சாலையில் எவ்வளவு தூரம் பஞ்சாயத்தினுடையது, எவ்வளவு யூனியனுடையது, எவ்வளவு ரயில்வேயினுடையது என முதலில் கணக்கெடுக்க வேண்டும். பல ஊர்களில் எல்லை தெரியாமலே சாலை கெட்டுக் கிடக்கிறது. பஞ்சாயத்துப் பகுதியில் விளக்கும் வடிகாலும் அமைத்துவிட்டால், மற்றவர் பகுதியைச் செப்பனிடக் கேட்கும் உரிமை நமக்கு வலுவாகும். பெண்களும் மாணவிகளும் இருட்டில் அஞ்சாமல் வீடு திரும்ப விளக்கு இன்றியமையாதது.

2. சீட்டுக் கணக்கு. ஒரு வண்டி ஒரு நிலையத்தில் நிற்க வேண்டுமா என்பதை ரயில்வே முக்கியமாக அந்நிலையத்தில் விற்கும் சீட்டுகளைக் கொண்டே தீர்மானிக்கிறது. புதிய நிறுத்தங்களைப் பல சமயங்களில் ஆறு மாதச் சோதனையாகவே தருகிறது. நம் ஊரார் பக்கத்து நகரத்திற்குச் சென்று சீட்டு வாங்கினால், அவ்வருமானம் நகரத்தின் கணக்கிலேயே ஏறும். சீட்டு வாங்காமற் செல்வோர் தம் ஊர் நிலையத்தைத் தாமே அழிக்கிறார்கள். நம் நிலையத்திலிருந்தே சீட்டும் மாதச் சீட்டும் வாங்க வேண்டும் என்பதைக் கிராம சபையில் எடுத்துரைக்கலாம்.

3. நேரப் பொருத்தம். ரயில் வரும் நேரம், பஸ் வரும் நேரம், பள்ளி தொடங்கும் நேரம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்த்தால் குறை எங்கே என்பது விளங்கும். பஸ் நேரத்தைக் கால் மணி மாற்றுமாறு கிளை மேலாளரிடம் கேட்பதும், மினி பஸ் வழித்தடத்தை நிலையம் வரை நீட்டுமாறு வேண்டுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

4. கேட்டுகளும் சுரங்க வழிகளும். அண்டைப் பஞ்சாயத்துகள் ஒன்றுகூடி, எந்தக் கேட்டு இன்றியமையாதது, எதை விட்டுக்கொடுக்கலாம் என ஒருமுகமாக முடிவு செய்ய வேண்டும். உழவு இயந்திரத்தின் உயரம், அறுவடை இயந்திரத்தின் அகலம், வாய்க்காலின் நீர்மட்டம் ஆகியவற்றை அளந்து எழுதி அனுப்பினால் பொறியாளர்கள் மதிப்பார்கள். "எங்களுக்குத் தொல்லையாக இருக்கிறது" என்ற பொதுப்படையான மனு அலமாரியில் உறங்கும்.

5. கூட்டு விண்ணப்பம். ஓர் ஊரின் தீர்மானத்தைவிட, பாதை நெடுக உள்ள பத்து ஊர்களின் ஒரே வாசகமான தீர்மானத்திற்கு மதிப்பு அதிகம். அதனைக் கோட்ட மேலாளருக்கு அனுப்புவதோடு, ரயில் உபயோகிப்போர் ஆலோசனைக் குழு அங்கத்தினர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் தெரிவிக்க வேண்டும். எத்தனை மாணவர், எத்தனை வியாபாரிகள், எத்தனை பேர் மருத்துவமனைக்குச் செல்வோர் என்ற எண்ணிக்கையை வீடு வீடாகச் சென்று திரட்டிச் சேர்ப்பது நலம்.

6. நிலையத்தின் தூய்மை. ரயில்வே நிலத்தை ஆக்கிரமிப்பதும், அங்கே குப்பை கொட்டுவதும், ஆடு மாடுகளைப் பாதையில் விடுவதும் நம் சொத்தை நாமே கெடுப்பதாகும். நிலையத்தின் வெளிப்புறத்தில், ரயில்வேயின் அனுமதி பெற்று, மர நிழலும் சைக்கிள் நிறுத்துமிடமும் ஏற்படுத்தலாம்.

ஊர் கூடித் தேர்

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக 1960, 1961-ஆம் ஆண்டுகளில் பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின. பழைய ஜில்லா போர்டுகள் மறைந்தன. அதற்கு முன்பே 1951-இல் தென்னக ரயில்வே உருவாகியிருந்தது. இருப்புப் பாதை அமைக்கும் அதிகாரமோ, அதற்கு வரி விதிக்கும் அதிகாரமோ இப்போது கிராமப் பஞ்சாயத்திடம் இல்லை. ஆகையால் நாமும் பழைய போர்டைப் போல ரயில் போட வேண்டும் என்று எவரும் கூறவில்லை. அப்போர்டு நமக்கு விட்டுச் சென்றது வேறொரு பாடம். பொதுக் காரியம் ஒன்று தேவை எனக் கண்டால், பிறர் செய்வார் எனக் காத்திராமல் நம் பங்கை முதலில் கணக்கிட வேண்டும். அப்பங்கு எவ்வளவு சிறிதாயினும் தவறாமல் செலுத்த வேண்டும் என்பதே அது.

இப்பாதையின் நடுவே உள்ள திருவாரூரில் ஆழித் தேர் ஓடுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். அத்தேரின் வடத்தைப் பிடிக்கும் ஆயிரக்கணக்கான கைகளில் எந்த ஒரு கையும் தேரை நகர்த்துவதில்லை. எந்த ஒரு கையும் வீணாவதுமில்லை. மூன்று தம்பிடி கொடுத்த அந்நாள் விவசாயி அவ்வாறே ஒரு வடத்தைப் பிடித்தார். அவர் இழுத்த வண்டியில்தான் அவருடைய பேரனின் பேரன் இன்று பயணம் செய்கிறான்.

அடுத்த கிராம சபையில் ஒரே ஒரு கேள்வியை எழுப்பிப் பாருங்கள்: "நம் ஊர் நிலையத்திலிருந்து சென்ற மாதம் எத்தனை சீட்டுகள் விற்றன?" அதற்கு எவராலும் பதில் கூற முடியாவிட்டால், நம் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.